புகைவீடும் பத்து மணி இஞ்சினும்

தோட்டத்தில் வேண்டுமென்றே சூடேற்றி வைக்கப்பட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். அதில் ஆட்கள் குடியிருக்கவில்லை, ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, மெஷினில் அழுத்தி, தண்ணீர் வடிந்த பிறகு கொண்டுபோய்ப் புகைவீட்டில் மாட்டுவார்கள். அடியில் நாலைந்து நாள் இரவு பகலாக ரப்பர் விறகு எரியும். உள்ளே வெப்பம் 40இலிருந்து 60 டிகிரி வரை. நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ராத்திரிக்கும் ஆள் உண்டு. காய்ச்சல் போதாவிட்டால் ஷீட்டில் பூஞ்சை பிடிக்கும், சூடு கூடினால் கொப்புளம் விடும். எப்படிப் பார்த்தாலும் தரம் இறங்கிவிடும், விலையும் இறங்கிவிடும். அதனால் அந்த வீட்டின் சூட்டைப் பற்றித் துரையிலிருந்து கிராணி வரை எல்லோருக்கும் கவலை இருந்தது.

போன டிசம்பரில் இங்கிலாந்தில் படிக்கும் சித்தி மகள் அழைத்திருந்தாள். ஹீட்டரை கேஸில் ஓட்டுவதா, கரண்டில் ஓட்டுவதா, எது காசு குறைவு என்று வீட்டில் நாலு பேரும் சண்டையாம். நான் அதைப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வீட்டுக்கு அனல் வைக்க காசு குடுக்கணுமா? இங்க வந்து நிக்கச் சொல்லு, சும்மாவே வேர்க்கும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அப்புறம்தான் தோன்றியது, ஜொகூரிலும் இந்தக் கேள்வி இருக்கத்தான் செய்தது. இங்கே சூடாக்க வேண்டியிருந்தது சுவர்களை அல்ல. சோற்றுப் பானையை, விடியற்காலைக் குளியல் தண்ணீரை, பிள்ளை பெற்றவளின் உடம்பை. நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர் அண்டா அண்டாவாக வேண்டும். அதற்கு எது எரிந்தது, யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டால் அதுவே ஒரு சரித்திரம்.

மலாயாவின் மின்சாரச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக ரவாங்கில் ஆரம்பிப்பார்கள். 1894ஆம் ஆண்டு, ஈயச் சுரங்கம், மின்சாரப் பம்பு. அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் லோக் இயூ. இன்னொருவர் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை. இந்த நாட்டுக்குள் மின்சாரம் நுழைந்த வாசலில் ஒரு தமிழர் நின்றிருக்கிறார் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்த வெளிச்சம் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க வந்தது. ரயில் நிலையத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் பிறகு போனது. லயத்துக்கு வர இன்னும் இரண்டு தலைமுறை ஆயிற்று.

பாட்டி பிறந்தது குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அவருடைய நினைவில் முதல் மின்விளக்கு வீட்டுக்குள் எரியவில்லை, முள்கம்பி வேலியில் எரிந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது, காட்டோரம் சிதறிக் கிடந்தவர்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். தோட்டங்களிலும் எட்டியெட்டி இருந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். பல புதுக்கிராமங்களில் வேலியைச் சுற்றி விளக்கு போட்டது உள்ளே இருப்பவர்கள் படிப்பதற்காக அல்ல. வேலிக்கு வெளியே யார் வருகிறார்கள், உள்ளேயிருந்து யார் அரிசி கொண்டுபோகிறார்கள் என்று பார்ப்பதற்காக. யோங் பெங், குளுவாங், கூலாய், சிகாமட் வட்டாரங்களெல்லாம் நெடுநாள் 'கறுப்பு'ப் பகுதிகள்.

வெளிச்சத்தோடு அடுப்பும் அவர்கள் கைக்குப் போனது. கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, 1950களின் பிற்பகுதியில் சில பகுதிகளில் வீட்டில் சோறு பொங்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோற்றைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அரிசியைப் பதுக்கி வைக்கலாம், சோறு மறுநாளே ஊசிப்போகும். கெட்டிக்காரத் திட்டம்தான். வேலை முடிந்து வந்து சொந்த அடுப்பைப் பற்றவைக்க முடியாத பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவசரகாலப் புத்தகங்களில் தேடிப் பார்த்திருக்கிறேன். எத்தனை பேர் சரணடைந்தார்கள் என்ற கணக்குதான் கிடைக்கிறது.

1949 செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் வந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று, எல்.எல்.என். என்று நம் அப்பாமார் இன்னமும் சொல்வது அதைத்தான். 1990இல் தெனாகா நேஷனல். வாரியத்தின் கம்பிகள் பட்டணங்களுக்கும், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கம்பங்களுக்கும் நீண்டன. தோட்டத்துச் சாலைமுனையில் வந்து நின்றன. தோட்டம் தனியார் நிலம். கிராமப்புற மேம்பாட்டுக் கணக்கில் அது கிராமம் இல்லை, பட்டணமும் இல்லை. கம்பத்து வீட்டில் டிவி பாடுவது லயத்து வாசலில் கேட்கும், லயத்தில் சிம்னி விளக்கு எரியும்.

தோட்டத்துக்குள் வெளிச்சம் கொடுத்தது இஞ்சின். டீசலில் ஓடும் ஜெனரேட்டர். பாட்டியின் தோட்டத்தில் சாயங்காலம் ஆறரைக்குப் போட்டு ராத்திரி பத்துக்கு நிறுத்துவார்களாம். மறுபடி விடியற்காலை நாலரைக்குப் போடுவார்கள், ஆட்கள் எழுந்து பெரட்டுக்கு வர வேண்டுமே. இந்த நேரக்கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பால்வெட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவையோ அவ்வளவுதான் இருந்தது. "பத்து மணி அடிச்சா இஞ்சின் நிக்கும். பேசிக்கிட்டு இருக்கிறப்பவே மொகம் மறைஞ்சி போயிரும்" என்பார் பாட்டி. ஒரு வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பல்பு. இஸ்திரிப் பெட்டி செருகக் கூடாது, செருகினால் லயம் முழுக்க மங்கும், தண்டல் வந்து கத்துவார். இஸ்திரிக்குக் கொட்டாங்கச்சிக் கரிதான். பத்து மணிக்கு மேல் படிக்க வேண்டிய பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்கு. என் பெரியப்பா எம்.சி.இ. தேர்வுக்குப் படித்தது அப்படித்தான். அவர் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும் என்று இன்றைக்கும் குடும்பத்தில் கிண்டல் செய்வார்கள்.

1963 டிசம்பரில் இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. லயத்துக்கும் டிவி வந்தது, கரண்டுக்கு முன்னாலேயே. கார் பேட்டரியில் ஓட்டினார்கள். பேட்டரியைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். தமிழ்ப்படம் போடும் நாளுக்குச் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டுமென்று, மற்ற நாள் செய்திகூடப் பார்க்க மாட்டார்களாம். படத்தில் பாதியில் திரை சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகிவிடும். மீதிக் கதையை யாராவது சொந்தமாகச் சொல்லி முடிப்பார்கள். தோட்டத்தில் கதைசொல்லிகள் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.

சட்டம் என்ன சொன்னது? தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தர நிர்ணயச் சட்டம் முதலில் 1966இல் வந்தது. 1990இல் வந்த புதுச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், அதன் இடத்தைப் பிடித்தது. அதில் முதலாளியின் கடமைகளைச் சொல்லும் பிரிவை வாசித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் 'இலவசமாகவும் போதுமானதாகவும்' இருக்க வேண்டும். மின்சாரம் 'போதுமானதாக' இருந்தால் போதும். ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் லயத்துச் சுவரில் மீட்டர் மாட்டப்பட்டபோது அந்தச் சொல் எத்தனை வெள்ளி என்று தெரிந்தது. அந்தச் சட்டம் வந்த சமயம், ஜொகூரில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டு துண்டாக விற்கப்பட்டு, ஆட்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டிய காலத்தில் இல்லாத சட்டம், வேண்டியவர்கள் கிளம்பும்போது வந்தது.

விறகுக்கு மட்டும் மீட்டர் இருந்ததில்லை. ரப்பர் மரம் வருஷத்துக்கு ஒருமுறை இலையுதிர்க்கும், காற்றடித்தால் கிளை முறியும், மறுநடவு வந்தால் மலையாகக் குவியும். வேலை முடிந்து திரும்பும் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். ஈர விறகு பற்றாத மழைக்காலத்தில் ஒட்டுப்பால் துண்டு ஒன்றை உள்ளே செருகினால் கருப்புப் புகையோடு பிடித்துக்கொள்ளும். ஒட்டுப்பால் எடை போட்டுக் கணக்கு வைக்கும் பொருள், தோட்டத்துச் சொத்து. அடுப்பில் வைத்தால் திருட்டு. பாட்டி இதை எழுபது வருஷம் கழித்தும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்.

அந்த விறகுக்கும் ஒரு நாள் விலை வந்தது. ரப்பர் மரம் பூஞ்சைக்கும் வண்டுக்கும் சீக்கிரம் இரையாகும், அதனால் எரிக்க மட்டுமே லாயக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அறுத்த உடனே போரான் கலவை ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் நல்ல பலகை என்று தெரிந்த பிறகு, எண்பதுகளிலிருந்து அது நாற்காலியும் மேசையுமாகக் கப்பல் ஏறியது. மூவார் இன்று நாட்டின் முக்கியமான நாற்காலி மேசை வியாபார ஊர் என்றால், அதன் அடியில் கிடப்பது நம் பாட்டிகளின் விறகுக் கட்டு.

மலிவு வீட்டுக்கு வந்ததும் விறகு போயிற்று, புகை போயிற்று, இருமலும் குறைந்தது. இதை நான் இழப்பாக எழுத மாட்டேன். விறகடுப்பைப் பற்றி ஏங்கி எழுதுகிறவர்கள் அதன் முன்னால் குனிந்து ஊதியவர்களாக இருப்பதில்லை. ஆனால் அதுவரை உழைப்பாகக் கொடுத்ததை இனி காசாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கேஸ் தோம்பு, தண்ணீர் பில், கரண்டு பில். கூட்டி வைத்த சம்பளத்தில் இவற்றுக்கென்று பத்தி இருந்ததே இல்லை.

கணக்கும் போட்டுவிடுவோம். 2014 முதல் பத்தாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 21.8 காசு. அதாவது 43 வெள்ளி 60 காசு. அடுத்த 100 யூனிட்டுக்கு 33.4 காசு. 300ஐத் தாண்டினால் 51.6 காசு. குளியலறை வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால், பத்து நிமிஷத்துக்கு 0.6 யூனிட், முதல் படியில் 13 காசு. ஒரு வெந்நீர்க் குளியல் அவ்வளவுதான். விழுங்குவது ஏர்கோன். ஒரு குதிரைத்திறன் பழைய மாடல் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தாறு யூனிட், மாதம் 150க்கு மேல். லயத்துக்கு அத்தாப்புக் கூரையோ, உயர்த்திக் கட்டிய பலகைத் தரையோ, சுற்றிலும் மரமோ இருந்தது. மலிவு வீட்டில் சிமெண்டுக் கூரை, ஒரே ஒரு ஜன்னல். இங்கே வீட்டைச் சூடாக்கக் காசு கொடுக்க வேண்டாம், கட்டியவர்களே சூடாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதைக் குளிர வைக்கத்தான் கொடுக்கிறோம்.

2025 ஜூலையிலிருந்து அந்தப் படிகளும் இல்லை. ஆற்றல், கொள்ளளவு, கட்டமைப்பு, சில்லறை என்று பில் பிரிந்து வருகிறது. பாட்டிக்கு நான் வாசித்துக் காட்டினேன். "இஞ்சின் ஓட்டுறவன் கூலியைத் தனியா போட்ருக்கானா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

அந்த இஞ்சின் இப்போது பொந்தியானில் இருக்கிறது. தஞ்சோங் பின் அனல்மின் நிலையம், 700 மெகாவாட் அலகுகள் மூன்று, 2016இல் சேர்ந்த 1000 மெகாவாட் ஒன்று, எல்லாமே கப்பலில் வரும் நிலக்கரியில். வடக்கே கூலாயில் பழைய 'கூலாய் யங்' தோட்டத்து நிலத்தில் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. 500 மெகாவாட் வரை போகலாம் என்ற திட்டம். கணினிகள் சூடாகாமல் இருக்க அங்கே குளிரூட்டிகள் இரவு பகலாக ஓட வேண்டும்.

போன வாரம் காரில் அந்தப் பக்கமாகப் போனோம். ராத்திரி பதினொன்று இருக்கும், அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தபடி, "இன்னுமா நிறுத்தல?" என்றார்.