எண்ணூர்க் கழிவெளி மண்

வடசென்னையில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள மணல்மேடு, சதுப்பு, உப்பளம் ஆகியவற்றின் மண். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தை வறண்ட நிலமாகப் பேசுவது விசித்திரமாகப் படலாம். அந்த மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயிலும் உப்பும்தான். உப்பேறிய ஈரத்தை வேர் எளிதில் உறிஞ்ச முடியாது. காலடியில் தண்ணீர் இருந்தும் செடிக்கு அது வறட்சியே.

இந்த மண்ணைக் காத்தவை மணல்மேட்டில் ராவணன் மீசையும் அடப்பங்கொடியும், கழியோரத்தில் உமரியும் வெண்கண்டலும். இவற்றின் நிழல் போனதும் நிலம் சுடுகிறது. அடியிலுள்ள உவர்நீர் மண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகிறது. உப்பு மேலேயே தங்குகிறது. கோடையில் வெறுந்தரையைக் கவனித்தால் வெள்ளைப் பொருக்கு மின்னும். இலைச்சருகு விழுவது நின்றால் மட்கு குறையும், நுண்ணுயிர்கள் குறையும், வளை தோண்டி மண்ணுக்குக் காற்றூட்டிய நண்டும் போய்விடும். சதுப்பு வற்றினால் வேறொரு தொல்லை: சேற்றிலுள்ள இரும்பு சல்பைடு காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறக்கூடும்.

ராயபுரம், திருவொற்றியூர் கரையின் கதை வேறு. 1875-இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியபின் வடக்கே நகரும் கடல்மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கடல் அரித்தது. கற்கள் கொட்டிய அந்தக் கரையில் கொடி படர மணலே இல்லை.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைகளுக்கு அனுப்புவார்கள். குழாய்க் கசிவால் கழியிலும் சாம்பல் படிந்தது. இதில் நைட்ரஜனும் மட்கும் ஏறக்குறைய இல்லை. காய்ந்த சாம்பல் மேலே ஏடாக இறுகுகிறது. கால் வைத்தால் நொறுங்கிப் புகைபோல் எழுகிறது, காற்றடித்தால் குடியிருப்பு வரை போகிறது.

இத்தகைய நிலத்தில் முந்திக்கொண்டு வருவது சீமைக்கருவேல். அது நைட்ரஜன் சேர்ப்பது உண்மைதான். ஆனால் அதன் அடியில் வேறு செடி முளைப்பது அரிது. வானிலிருந்து எடுத்த படத்தில் பச்சை தெரிகிறது என்று மண் தேறிவிட்டதாகச் சொல்வது அவசரம்.

வெண்கண்டல் விதை ஓதத்தில் மிதந்து வந்து சேற்றில் ஒதுங்கி வேர்விடும். சாம்பல் படிந்து மேடேறிய இடத்துக்கு ஓதம் எட்டாது. முதலில் சாம்பலை அள்ளி மட்டத்தைத் தாழ்த்த வேண்டும்; நாற்று அதற்குப் பிறகுதான்.