ஸ்ரீரங்கம்: மொட்டை கோபுரம் நின்ற ஊர்

ஸ்ரீரங்கம்னா எல்லாருக்கும் முதல்ல நினைவுக்கு வருவது ராஜகோபுரம்தான். 13 நிலை, சுமார் 236 அடி. வெளியூர் நண்பர்கள் வந்தால் அண்ணாந்து பார்த்துவிட்டு "ஆயிரம் வருஷம் இருக்குமாடா?" என்று கேட்பார்கள். 1987 என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள்!

இந்தக் கோபுரத்தை 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர அச்சுத தேவராயர் காலத்தில் ஆரம்பித்தார்கள். அடிப்பாகத்தோடு வேலை நின்று போச்சு. அப்புறம் சுமார் 400 வருஷம் அது வெறும் மொட்டை கோபுரம். (எங்க அக்கவுண்டன்சி புத்தகத்தில் 'ஒர்க் இன் ப்ராக்ரஸ்' என்று ஒரு வரி வரும். இவ்வளவு காலம் அந்தக் கணக்கிலேயே கிடந்தது வேறு எதுவும் இருக்குமா தெரியவில்லை!) 1979-ல் அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் மறுபடி வேலையைத் தொடங்கினார். ஊர் ஊராக நன்கொடை வந்தது. ஒரு நிலைக்கான செலவை இளையராஜா கொடுத்தார். 1987 மார்ச் 25 கும்பாபிஷேகம்.

கோபுரம் காத்திருந்தது மாதிரி ஊரும் ஒருமுறை காத்திருக்கிறது. 1323-ல் டில்லி சுல்தானின் படை வந்தபோது, பிள்ளை லோகாசாரியார் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டார். நம்பெருமாள் கேரளம், திருப்பதி என்று சுற்றி 1371-ல்தான் வீடு திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம்! கிளம்பும்போது பார்த்த குழந்தைக்கு, திரும்பும்போது பேரன் பிறந்திருப்பான்.

படைகள் அதோடு விடவில்லை. 1752-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்ரீரங்கம், திருவானைக்கா கோயில் மதில்களையே கோட்டையாக்கி உள்ளே உட்கார்ந்தார்கள். வெளியே ஆங்கிலேயர் முற்றுகை. அந்த ஜூனில் சரணடைந்தார்கள். நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆற்காட்டு முற்றுகை அளவுக்கு இது வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது அந்த மதில்களுக்குள்ளே சித்திரை வீதி, உத்தர வீதி, வீடுகள், ஜெராக்ஸ் கடை, காபித்தூள் வாசனை. 1994-ல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் இங்கே உள்ளவர்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதைக்கூட "திருச்சிக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள் :)

எங்க பாட்டி போன மாசம் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, "மொட்டை கோபுரம் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டாள். கண்டக்டருக்கு என் வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்து முழித்தார்.