வல்லாரை கடல் கடந்த வரலாறு

கிணற்றடி வாய்க்காலின் ஓரத்திலும் வாழைப் பாத்தியின் ஈரத்திலும், யாரும் நடாமலே படர்ந்து கிடக்கும் ஒரு சிறு பூண்டின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்துள்ளோம். மன்னர் வரலாறும் கோயில் வரலாறும் எழுதவேண்டிய இடத்தில் கீரைக்கு வரலாறா என்று அன்பர் சிலர் நகைக்கவுங் கூடும். நகைக்கட்டும். எம் வீட்டு அம்மியில் அரைபடும் வல்லாரை, குட்டநோயாளர் பலருடைய நம்பிக்கையைச் சுமந்துகொண்டு புதுச்சேரிக்கும் சென்னைக்கும் மடகாஸ்கருக்கும் போய்வந்த கதை அவர்களுக்குத் தெரிந்திராது. எமக்கும் நெடுங்காலம் தெரியாதிருந்தது.

வல்லாரை கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டு நிலத்தோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேரூன்றும். இலையோ ஒரு பக்கம் பிளந்த வட்டம். அதைக் கண்டவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மனத்திற்குப் பட்டபடி பெயரிட்டனர். வடமொழியார் தவளையை நினைந்து மண்டூகபர்ணி என்றனர். மண்டூகம் தவளை, பர்ணம் இலை. அம்போயினாத் தீவில் இருந்து தாவர நூல் எழுதிய ரும்பியஸ் என்பார் குதிரைக் குளம்பு என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். சிங்கள மக்கள் கொட்டுகொல என்பர். எம்மவருள் சிலர் சரசுவதிக் கீரை என்றும் சொல்வதுண்டு. அப்பெயரின் காரணத்தைப் பரீட்சைக் காலத்துத் தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

சரக சங்கிதை மேதையை, அதாவது அறிவுக் கூர்மையை, வளர்க்கும் இரசாயனங்கள் என நான்கினை எடுத்தோதுகின்றது. மண்டூகபர்ணியின் சாறு, பாலுடன் அதிமதுரப் பொடி, சீந்திலின் சாறு, சங்கபுஷ்பியின் அரைப்பு என்பன அவை. நால்வகையுள் முதலிடம் இப்பூண்டுக்கே. ஆயின் இங்கே ஒரு மயக்கத்தை நீக்கல் வேண்டும். வட இந்தியாவிற் பலர் வல்லாரையையே பிரமி என்று வழங்குகின்றனர். தென்னாட்டு வைத்தியர் பிரமி என்பதோ நீர்ப்பிரமியை. அது சிறிய தடித்த இலைகளுடைய வேறொரு செடி. குடும்பமும் வேறு, சத்தும் வேறு. பிரமி எண்ணெய் என்றும் பிரமி மாத்திரை என்றும் விற்பனவற்றுள் எது இருக்கின்றதென்பதைச் சீட்டைப் படித்தறிந்து வாங்குவதே நன்று.

எம் நாட்டிலே வல்லாரை மருந்தாவதற்கு முன்பே உணவாகிவிட்டது. இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கூட்டி, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தெடுக்கும் சம்பலை அறியாத வீடு இல்லை. சிங்கள மக்கள் அதிகாலையில் அருந்தும் இலைக்கஞ்சியிலும் இதற்கு இடமுண்டு. பரியாரிமார் இதன் இலையை நிழலில் உலர்த்திச் சூரணமாகவும், சாற்றை நெய்யிற் காய்ச்சி வல்லாரை நெய்யாகவும் கொடுத்தனர். ஆறாத புண், சொறி சிரங்கு, மறதி ஆகியவற்றுக்கு இவை வழங்கின. எமது பள்ளிப் பருவத்திலே பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வெறுவயிற்றில் வல்லாரைச் சாறு கிடைக்கும். கசப்பு நினைவிருக்கின்றது, அவ்வாண்டு கணக்குப் பாடத்திற் பெற்ற புள்ளிகளும் நினைவிருக்கின்றன. அவற்றை ஈண்டு எழுதாது விடுகின்றோம்.

ஐரோப்பியர் இப்பூண்டை நூலிலேற்றிய வரலாறு பதினேழாம் நூற்றாண்டிலே தொடங்குகின்றது. மலையாளக் கரையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் 1678 தொடக்கம் அம்ஸ்ரர்டாமிற் பல பாகங்களாக வெளிவந்தது. மலையாளப் பெயரோடு வல்லாரையும் அதனுள் இடம்பெற்றது. அடுத்த நூற்றாண்டில், 1753 இல், லின்னேயஸ் அதற்கு ஹைட்ரோகொட்டைல் ஏசியாற்றிக்கா என்று பெயரிட்டார். இன்றைய சென்ரெல்லா என்னும் பெயர் 1879 இல் வந்தது. பெயர் சூட்டியதன்றி, நெடுங்காலம் மேல்நாட்டு வைத்தியம் இதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனிக்கச் செய்தது குட்டநோய். அந்நோயின் கொடுமையை எம் தீவு நன்கறியும். கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் குட்டநோயாளருக்கென ஓர் இல்லத்தை 1708 இல் அமைத்தனர்; மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவிலும் பிற்காலத்தில் நோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். வீட்டையும் ஊரையும் விட்டு நீங்குவதே அந்நாளில் நோயாளிக்குக் கிடைத்த வைத்தியம். இந்நிலையிலே 1852 அளவில் மொறீசியஸ் தீவிலிருந்து புவாலோ என்னும் டாக்டர் ஒருவர் வல்லாரை குட்டநோய்க்கு உதவுமென்று எடுத்துரைத்தார். அவரும் அந்நோயாற் பீடிக்கப்பட்டவரே. தம் உடம்பையே பரிசோதனைக் களமாக்கிய ஒருவரின் சொல் ஆதலால், வைத்திய உலகம் அதற்குச் செவிசாய்த்தது.

சென்னையிலே குட்டநோய் ஆஸ்பத்திரியில் ஹண்டர் என்னும் டாக்டர் இதனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். 1855 இல் அவர் கண்ட முடிவு நேர்மையானது: குட்டநோயைத் தீர்க்கும் தனி மருந்து இதுவன்று, ஆயினும் நோயாளரின் வேதனை குறைகின்றது, உடல்நலந் தேறுகின்றது. விளம்பரஞ் செய்பவர் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வர். இகழ்பவர் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வர். இரண்டையும் ஒருங்கே எழுதிய அந்த டாக்டரை நாம் மெச்சுகின்றோம்.

அதே 1855 இல் புதுச்சேரியிலே பிரெஞ்சுக் கடற்படை மருந்தாளராயிருந்த லெப்பின் என்பவர் வல்லாரையை இரசாயன முறைப்படி ஆராய்ந்து, எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார். அதுவே இப்பூண்டின் உயிர்ச்சத்து என்று கருதி அவர் அதற்கு இட்ட பெயர் வெலாரின். வல்லாரை என்னும் தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு நாவிற் புகுந்து வெலாரின் ஆயிற்று. மேல்நாட்டு இரசாயன ஏட்டில் ஒரு தமிழ்ச் சொல் ஏறிய அச்செய்தியை முதன்முறை படித்தபோது நாம் அடைந்த களிப்பு கொஞ்சமன்று.

களிப்பு நீடிக்கவில்லை. 1868 இல் வெளியான இந்திய மருந்து நூல் வல்லாரையை அங்கீகரித்தது உண்மையே. ஆயின் 1874 இல் புளூக்கிகர், ஹான்பரி என்னும் இரு அறிஞர் தாமும் உலர்ந்த வல்லாரையைச் சோதித்து, வெலாரின் போன்ற எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டனர். அவர்களுக்குக் கிடைத்தது துவர்ப்புச் சத்து மிகுந்த பச்சை நிறக் குழம்பு மாத்திரமே. வெலாரின் பழைய நூல்களில் ஒரு சொல்லாக நின்றுவிட்டது.

மெய்யான சத்து அகப்பட ஏறக்குறைய எழுபது ஆண்டு சென்றது. 1941 இல் பொந்தேம் என்பவர் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து ஏசியாற்றிக்கோசைட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அத்தீவில் புவாற்றோ என்னும் பிரெஞ்சு அறிஞரும் துணைவரும் அதனைக் குட்டநோய்க்குப் பயன்படுத்த முயன்றனர். ஆனால் அதே பத்தாண்டிலே சல்போன் மருந்துகள் வந்து அந்நோயை அடக்கத் தொடங்கின; 1981 இல் உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை விதந்துரைத்தபின், நோயாளரை ஊரைவிட்டு ஒதுக்கவேண்டிய காரணமே அற்றுப்போயிற்று. வல்லாரை அப்போட்டியில் தோற்றது. தோற்றது நோயாளருக்கு நன்மையாகவே முடிந்தது. இன்று எவரேனும் குட்டநோய்க்கு மருந்தை நிறுத்தி வல்லாரையை உண்ணச் சொன்னால் அது பாவம் என்றே சொல்வோம்.

தோற்ற இடத்திலே வேறொரு வாயில் திறந்தது. அந்நோயாளரின் புண்கள் ஆறுவதைக் கண்ட புவாற்றோவும், ரற்சிமமங்கா என்னும் மடகாஸ்கர் நாட்டு அறிஞரும் 1956 இல் இச்சத்தின் புண்ணாற்றும் தன்மை பற்றி எழுதினர். ரற்சிமமங்கா பின்னர் சுதந்திர மடகாஸ்கரின் தூதுவராகப் பாரிசில் இருந்தவர். மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து மடேக்கசோல் என்னும் களிம்பு பிரான்சிலே தயாராயிற்று. புண் ஆறும்போது புதுத் தசையைக் கட்டும் நார்ப்பொருளை இச்சத்து பெருகச் செய்கின்றதென ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. பரியாரிமார் புண்ணுக்கு இதனைக் கொடுத்தது வீணன்று என்று இவ்விடத்தில் நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

நினைவாற்றலைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. மனிதரிடத்து நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, வல்லாரையினால் நினைவு கூர்மையடைவதற்குத் திடமான சான்றில்லை என்றும், மன உற்சாகம் ஓரளவு கூடலாம் என்றும் கண்டது. பரிசோதனைகளோ சிறியவை, முடிந்த முடிபு என்பதற்கில்லை. ஆயினும் பாடத்தைப் படியாத வாலிபனை வல்லாரை கரையேற்றும் என்று நம்பியிருக்கும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம். ஆயுள் நீட்டிப்பைப் பற்றிய கதைகளை நாம் பொருட்படுத்தவில்லை. 1933 இல் இறந்த சீனர் ஒருவர் 256 ஆண்டு வாழ்ந்தாரென்று அந்நாட் செய்தித்தாள்கள் எழுத, அதனை வல்லாரையோடு முடிச்சுப் போட்டு விற்றவர்களும் இருந்தனர்!

இன்னொன்று பெரியோர்க்கு. சம்பலாக உண்ணும் கீரை வேறு, சத்தைச் சுண்டவைத்து அடைத்த மாத்திரை வேறு. வல்லாரை மாத்திரைகளை வாரக்கணக்காக உண்ட மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிப்புற்றதை 2005 இல் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். அரிதே நிகழ்வது, எனினும் ஈரல் நோயுள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாது மாத்திரை உண்ணலாகாது. சம்பலுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வல்லாரை சேற்றிலும் கழிவுநீர் ஓடும் இடத்திலும் செழிப்பாக வளர்வது. பச்சையாக உண்பதாயின் இலை இலையாகப் பிரித்துப் பல முறை கழுவவேண்டும். எம் பாட்டியார் கழுவும்போது மூன்றாம் தண்ணீர் தெளியும்வரை எவரையும் அரிவாளைத் தொடவிடார்.

இப்பொழுது கொரிய நாட்டிலிருந்து வரும் முகப்பூச்சுக்களில் சென்ரெல்லா என்று பொறித்திருக்கக் காண்கின்றோம். கொழும்பிலே அதனை நல்ல விலை கொடுத்து வாங்கிவந்த எம் உறவுப் பெண்ணொருத்தி, அதன் இலைப்படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்கட கிணத்தடி வல்லாரை அல்லோ!" என்றாள். திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பிடி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அன்றிரவு அந்தப் பிடி சம்பலாயிற்று. சிமிழ் கண்ணாடியடியில் இருக்கின்றது.