படம் என்றால் துணி

ஊர்ச் சுவர்களிலும் நாளிதழ்களின் உள்பக்கங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘படத்திறப்பு’. ஒருவர் இறந்து பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ சொந்தபந்தம் கூடும். பெரிதாக்கிய போட்டோவின் மேல் ஒரு துணி போட்டிருப்பார்கள். ஊர்ப் பெரியவரோ கட்சிக்காரரோ வந்து அதை விலக்குவார். நாலு பேர் பேசுவார்கள், பிறகு சாப்பாடு. சுயமரியாதை இயக்கக் குடும்பங்கள் கருமாதிச் சடங்குக்குப் பதிலாக வைத்துக்கொண்ட வழக்கம் இது. இப்போது கருமாதி செய்கிற வீடுகளிலும் அதோடு சேர்த்து இதையும் நடத்துகிறார்கள்.

கதவைத் திறக்கலாம், பெட்டியைத் திறக்கலாம். படத்தை எப்படித் திறப்பது? விலகுவது துணிதானே என்று கேட்கலாம். சொல்லின் வேர் வரை போனால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தமிழில் படம் என்பதற்குப் பழைய பொருள் துணி.

மயிலுக்குப் பேகன் கொடுத்ததைப் புறநானூறு ‘படாம்’ என்கிறது. யானையின் முகத்தில் போடும் துணியை வள்ளுவர் ‘கட்படாம்’ என்கிறார். இரண்டிலும் வெறும் துணி. அதில் சித்திரம் ஏறியிருப்பதை மணிமேகலையில் பார்க்கலாம். பூ மண்டிய உவவனத்தைச் சொல்ல வரும் சாத்தனாருக்கு, கைதேர்ந்தவர்கள் சித்திரவேலை செய்த படாத்தைப் போர்த்தியதுபோல அது தோன்றுகிறது. வடமொழியிலும் ‘பட’ என்றால் துணிதான். ஒடிசாவின் பட்டசித்ரா துணிமேல் தீட்டும் ஓவியம். யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற வழக்கை மொழியியலாளர்கள் நடத்திக்கொள்ளட்டும். கூடாரத்துக்கும் மூட்டைக்கும் மேலே போடும் முரட்டுத் துணியை ஈழத்தில் இன்றும் ‘படங்கு’ என்கிறார்கள். பாம்பும் படம் எடுக்கிறது, போட்டோக்காரரும் படம் எடுக்கிறார் என்பது தனிவேடிக்கை.

துணியில் எழுதிய சித்திரத்துக்குத் துணியின் பெயரே நின்றது. பிறகு காகிதம் வந்தது, கண்ணாடி வந்தது, பெயர் மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் தேசப்படம், கொட்டகையில் சினிமாப்படம் என்று அது பாட்டுக்குப் பெருகியது.

கேமரா தமிழ்நாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. சென்னையில் 1856-இலேயே போட்டோகிராஃபிக் சொசைட்டி இருந்தது. கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை மட்டும் 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே பட்டையாக்கினார். கல்லுக்குக் கிடைத்த இந்த மரியாதை சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

புதிய பொருளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் நிலைத்தன. புகைப்படம் என்பதற்கு மக்னீசியப் பொடியைக் காரணம் சொல்வார்கள். 1887-இல் ஜெர்மனியில் வந்த அந்தப் பளிச்சுப் பொடி எரியும்போது அறையே புகையில் மூழ்கும். இது கேட்க நன்றாக இருக்கும் விளக்கம், அவ்வளவுதான். நிழற்படம் இன்னும் பொருத்தமான சொல். இங்கிலாந்தின் டால்பட் 1839-இல் தன் கண்டுபிடிப்பைச் சொல்லும்போது, நிழலை நிலைநிறுத்தும் கலை என்றே குறிப்பிட்டார். தெலுங்கும் கன்னடமும் ‘சாயாசித்திரம்’ என்று நிழல் பக்கமே நின்றன. சிங்களத்தின் ‘சாயாரூப’வும் அப்படித்தான். வங்காளிகள் ‘ஆலோக்சித்ர’ என்று ஒளிக்கு மாறினார்கள். நம் ஒளிப்படத்துக்கு அது பங்காளி. என் ஓட்டு நிழலுக்குத்தான். இறந்தவர் முகம் நினைவில் ‘நிழலாடுகிறது’ என்று கேமரா இல்லாமலே சொல்லத் தெரிந்த மொழி இது. புகை, நிழல், ஒளி என்று முன்பாதிக்குத்தான் போட்டி. பின்பாதியான படம் அசையவே இல்லை. வீட்டுப் பேச்சில் இந்த மூன்றுமே கிடையாது. ‘படம் புடிச்சாங்க’, ‘போட்டோ எடுத்தாங்க’, அதோடு சரி.

பழைய ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் துணியோ துணி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழுந்த குடும்பத்தைப் பார்ப்பார். உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பின்னால் படுதா தொங்கும். மாளிகைப் படிக்கட்டு, கைப்பிடித் தூண்கள், எட்டத்தில் ஓர் ஏரி. நாடக மேடைக்குச் சீன் எழுதும் கைக்கு இது பழகிய வேலை. காலண்டர் படங்களால் வீடு வீடாக நுழைந்த கோவில்பட்டி கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதியவர்தான். அந்த ஏரிக்கரையில்தான் மூன்று தலைமுறைத் தமிழர்கள் கைக்கடிகாரம் தெரிய உட்கார்ந்தார்கள். கணவர் நாற்காலியில் இருப்பார், மனைவி நிற்பார். ஆடாமல், அசையாமல், சிரிக்காமல். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்களும் பின்னாளில் அதே ஏரிக்கரைக்கு வந்துசேர்ந்தார்கள்.

எழுத ஒன்றும் ஓடாத நாட்களில் வீட்டுத் தகரப்பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். முகங்களைப் பார்ப்பதில்லை, அவை ஏற்கெனவே தெரிந்தவை. பின்னாலிருக்கும் துணி, ஓரங்கள், பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை, இவற்றைத்தான் பார்ப்பது.

அப்படி மாட்டியது பெரிய அத்தையின் பூச்சடைப் படம். வயதுக்கு வந்த பெண்ணைச் சடை தைத்துக் கண்ணாடிமுன் நிறுத்தி எடுப்பார்களே, அது. முகம் நம்மைப் பார்க்கும், முதுகுப்புறக் கண்ணாடியில் சடை முழுதாகத் தெரியும். தாழம்பூ மடலை மடித்து வைத்து, மல்லிகை மொட்டை நெருக்கித் தைத்து, நுனியில் குஞ்சலம். பல தடவை பார்த்த படம்தான். ஒருநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நிலைக்கண்ணாடியின் மூலையில் ஒரு சிறுவனின் காலும் டிரவுசர் விளிம்பும் தெரிந்தன. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

‘யாரு அத்தே இது?’

‘உங்கப்பன்தான். தனக்கும் பூ வெச்சுப் போட்டோ எடுக்கணும்னு ஒரே அழுகை. அடுத்த வாரம் பாவாடை கட்டி, சவுரி வெச்சு, அவனையும் கூட்டிட்டுப் போயி எடுத்தாங்க.’

‘அந்தப் படம் எங்கே?’

‘பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி கிழிச்சு அடுப்புல போட்டுட்டான்.’

அப்பா ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. எரிந்துபோன அந்தப் படத்திலிருந்துதான் அன்றைக்கு ஒரு கதை கிடைத்தது. பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் இப்படிப்பட்ட பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித்தேடி மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் லைப்ரரியின் நிதியில் நடந்த வேலை. நல்ல காரியம். ஆனால் ஸ்கேன் செய்த படத்துக்குப் பக்கத்தில் ஓர் அத்தையும் இருக்க வேண்டியிருக்கிறது.

படமே எடுக்காமல் போனவர்களுக்கு என்ன செய்வது? அதற்கும் ஸ்டூடியோ வழி வைத்திருந்தது. சாவு வீட்டுக்குப் போட்டோக்காரரைக் கூட்டிப்போய், நாற்காலியில் சாத்திவைத்த உடலைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொள்ளும். பிறகு டச்சிங் செய்கிறவர் தூரிகையால் மூடிய கண்ணைத் திறப்பார், வாடிய கன்னத்தை நிரப்புவார். சிலைக்குக் கண் திறக்கும் ஸ்தபதியின் வேலை இது, கூலிதான் குறைவு. 1993-இல் வாக்காளர் அட்டை வந்ததும் இந்தத் தேவை குறைந்தது. அதற்கு முன் கேமராவையே பார்க்காத கிழவிகளுக்கு அரசாங்கம் ஒரு படம் எடுத்துக் கொடுத்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யார்மேலோ கோபமாக இருப்பதுபோல. அதையே பெரிதாக்கி, மாலை போட்டு, கண்ணாடிமேல் குங்குமம் வைத்து, சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிகிற வீடுகள் எத்தனையோ.

இப்போது பிரேம் போட்ட படத்துக்கு முன்னால் பிளெக்ஸ் வந்து நின்றுவிடுகிறது. காலையில் உயிர் போனால் மத்தியானம் தெருமுனையில் ‘கண்ணீர் அஞ்சலி’. பிளெக்ஸ் என்பது என்ன? பாலியஸ்டர் நூல்வலைமேல் பிளாஸ்டிக் பூசிய துணி. சுற்றிச் சுற்றி வந்து படம் மறுபடியும் படாத்தில் ஏறியிருக்கிறது.

காரியம் முடிந்ததும் அது படங்கு வேலைக்குப் போய்விடும். மாட்டுக்கொட்டகைக்கோ, வைக்கோல் போருக்கோ, தள்ளுவண்டிக் கடைக்கோ. எங்கள் தெரு இஸ்திரி வண்டியின் மேலே எனக்குத் தெரியாத ஒரு தாத்தா தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ‘இதை மாத்தக்கூடாதாப்பா, யார் வீட்டுப் பெரியவரோ’ என்று கேட்டேன்.

‘இவரு நல்லா மழை தாங்குறாரு சார்’ என்றார் இஸ்திரிக்காரர். ‘போன வருஷம் ஒரு கட்சித் தலைவரைப் போட்டிருந்தேன், ஆடிக்காத்துக்கே கிழிஞ்சுட்டாரு.’