சாக்சபோன் வாங்கலாமா? பறையிலிருந்து பேண்டு செட் வரை



மேச்சேரி, ஓமலூர் பக்கம் பேண்டு செட் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் கூடினால் இந்தப் பேச்சு வரும்: "பழைய சாக்சபோன் ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?" "பறையை விட்டுட்டு வெள்ளைக்காரன் கருவி எதுக்கு?" என்பார் ஒருவர். "பறையைக் கையில் எடுத்தா திரும்பவும் சாவுக்குத்தான் கூப்பிடுவாங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேருடைய கவலையும் நியாயமானதுதான். வரலாற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

நம் ஊர்களில் எந்தக் கருவியை யார் தொடலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் உரிமை சில சாதிகளுக்கு மட்டும் இருந்தது. பறையரும் அருந்ததியரும் சாவுக்கும் ஊர்ச் சாட்டுக்கும் பறையடிக்க வேண்டும். அது தொழிலாக இல்லை, கட்டாய ஊழியமாக இருந்தது. கொடுத்த தானியத்தையும் கள்ளையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கூலி பேச முடியாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அதனால்தான் பறையடிக்க மறுப்பது நம் போராட்ட வடிவங்களில் ஒன்றானது.

சாக்சபோன் வேறு வழியில் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் அதற்கு 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். முதலில் அதை எடுத்துக்கொண்டவை ராணுவ பேண்டுகள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அந்த பேண்டுக் கருவிகளையே கையில் எடுத்து ஜாஸ் இசையை வளர்த்தார்கள். ஆதிக்கவாதிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1938இல் டுசல்டோர்ஃப் நகரில் நாஜிகள் "சீரழிந்த இசை" என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதன் விளம்பரப் படத்தில் இருந்தது, யூத நட்சத்திரம் குத்தப்பட்ட ஒரு கறுப்பினக் கலைஞர். அவர் கையில் சாக்சபோன். ஒரு கருவி யார் கைக்குப் போகிறது என்பதை வைத்து அதை இழிவுபடுத்துவது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல.

இங்கே மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்ட ஒரு சிறுவன், கத்ரி கோபால்நாத். அப்பா நாதஸ்வரக் கலைஞர். அவர் அந்தக் கருவியைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். 1994இல் வெளிவந்த 'டூயட்' படத்தில் அவர் வாசித்தது தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் போய்ச் சேர்ந்தது. சாக்சபோனுக்கு இங்கே பரம்பரை உரிமை கொண்டாட ஒரு சாதி இருக்கவில்லை. அதனால் நம் பிள்ளைகளும் அதை எடுக்க முடிந்தது. சீருடை, அட்வான்ஸ், பேசிய கூலி என்று பேண்டு செட் கொண்டுவந்த மாற்றம் சின்னதல்ல. அட்வான்ஸ் வாங்குகிறவன் தேதி இல்லை என்று மறுக்கவும் முடியும்.

ஆனால் கருவி மாறியதும் சாதி போய்விடவில்லை. வாசித்த பிறகு சாப்பாட்டுப் பந்தியில் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று பாருங்கள், புரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். சாக்சபோனின் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் துளையை மூட மெல்லிய தோல் வைத்த திண்டு இருக்கிறது. தோல் கெட்டால் காற்று கசியும், சுரம் வராது. மிருதங்கத்திலும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும்தான். அதைச் செய்துகொடுக்கும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்குத் தந்த அனுமதியை 2020இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. நம் மேச்சேரி ஆட்டுக்குப் பெயரே அதன் தோலின் தரத்தால்தான். தோல் சபைக்குள் போகலாம், தோலைப் பதப்படுத்தியவர் போகக் கூடாது என்பதுதான் இங்கே உள்ள நியாயம்.

இனி, வாங்குவதைப் பற்றி. பழையது என்பதற்காகவே விலை ஏற்றிச் சொல்வார்கள், ஏமாற வேண்டாம். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் இறுதி வரை உயர் சுருதியில் வாசித்தன. இன்றைய 440 ஹெர்ட்ஸ் அவர்களுக்கு 452 அளவில் இருந்தது. கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி வித்தியாசம். அப்படிப்பட்ட கருவி கீபோர்டோடு சேராது. துளைகளின் இடைவெளியே வேறு என்பதால், வாய்ப்பகுதியை இழுத்து வைத்தாலும் சரியாகாது. சுருதிப் பெட்டியோடு எல்லாச் சுரத்தையும் வாசித்துப் பாருங்கள். வரிசை எண்ணைக் குறித்துவந்து தயாரித்த ஆண்டைத் தேடுங்கள். தோல் திண்டுகளை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சுருதி சேர்ந்தால் வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஒருவர் வட்டிக்குக் கடன் வாங்கி வாங்க வேண்டாம். குழுவின் பொதுப்பணத்தில், குழுவின் பெயரில் வாங்குங்கள். அதற்காகப் பறையை ஒதுக்கவும் வேண்டாம். இழிவு பறையில் இல்லை, கூலி பேச விடாமல் அடிக்கவைத்த கட்டாயத்தில்தான் இருந்தது. எந்தக் கருவியானாலும் நாம் விரும்பிய இடத்தில், பேசிய கூலிக்கு, சமமாக உட்காரவைத்தால் மட்டும் வாசிப்போம் என்று குழுவில் தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.