வரலாற்றுக் கல்வியில் செயல்வழிக் கற்றல்

வரலாற்றுக் கல்வியில் செயல்வழிக் கற்றல் என்பது, ஆசிரியரின் விரிவுரையைக் கேட்பதோடு அமையாது, மாணவர்கள் தமக்கேற்ற கற்றல் செயல்களைத் தெரிவு செய்து வரலாற்றைக் கற்கும் முறையாகும். காலக்கோடு அமைத்தல், நிலப்படம் வரைதல், நேர்காணல், நாடகம், களப்பயணம் முதலியன இத்தகைய செயல்களாகும்.

தமிழ்நாட்டில்

ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷி வேலி கல்வி மையம் கிராமப்புறப் பள்ளிகளுக்காக உருவாக்கிய கற்றல் அட்டை முறையைத் தழுவி, 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போதைய ஆணையர் எம். பி. விஜயகுமார் இதில் முதன்மைப் பங்காற்றினார். 2007-08 கல்வியாண்டில் இம்முறை மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையான வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. மாணவர்கள் 'ஏணிப்படி' அட்டவணையில் தமது நிலையைக் கண்டறிந்து, அதற்குரிய சின்னம் கொண்ட அட்டையைத் தாமே எடுத்துப் பயின்றனர். கற்கும் வேகம் மாணவரைச் சார்ந்திருந்தது. படிகளின் வரிசை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. எனவே இதனை முழுமையான தெரிவு எனக் கூற இயலாது.

மேல்வகுப்புகளில் 'படைப்பாற்றல் கல்வி' அறிமுகமானது. இதில் மாணவர்கள் வரலாறு உள்ளிட்ட பாடங்களைத் தாமே படித்து, மனவரைபடம் வரைந்து, தொகுத்து, குழுவில் கலந்துரையாடினர். 2012-13 இல் முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தபோது, செயல்பாடுகளை உள்ளடக்கிய வளரறி மதிப்பீட்டிற்கு 40 மதிப்பெண்ணும் பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. 2022 இல் தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் சிப்காட் தொழிற்பூங்கா உள்ளது. இங்கு ஹூண்டாய் மகிழுந்து ஆலை 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'எங்கள் ஊர் எவ்வாறு மாறியது?' என்ற வினாவை ஆசிரியர் பொதுவாக அளிப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவர் முதியோரை நேர்காணலாம். இன்னொருவர் பழைய, புதிய நிலப்படங்களை ஒப்பிடலாம். மற்றொருவர் இராமானுசர் பிறந்த ஊராகிய திருப்பெரும்புதூர் முதல் தொழிற்பூங்கா வரை காலக்கோடு வரையலாம். முதியவரின் நினைவும் நில ஆவணமும் முரண்படுமிடத்தில், எதை எவ்வாறு நம்புவது என்னும் வரலாற்றாய்வின் அடிப்படை வினா எழுகிறது.

குறைபாடுகள்

எப்போதும் படம் வரைவதையே தெரிவு செய்யும் மாணவர் சான்றுகளைப் படிக்கப் பழகாமல் போகலாம். கடையில் வாங்கிய படங்களை ஒட்டித் தருவதும் செயலாகக் கருதப்படக்கூடும். மாணவர் மிகுந்த வகுப்பில் பல்வேறு செயல்களை ஒரே ஆசிரியர் வழிநடத்துதல் கடினம். ஆகவே வினாவும் சான்றுகளைச் சோதிக்கும் கடமையும் அனைவருக்கும் பொதுவாகவும், செயல் மட்டும் மாணவரின் தெரிவாகவும் இருப்பது பயனளிக்கும்.