நிரல்மொழிகளில் எண்களை முழுதாக்கல்

முழுதாக்கல் என்பது, நீண்ட பின்னப் பகுதியையுடைய ஓர் எண்ணை, அதற்கு மிக அணித்தாயும் கையாள எளிதாயும் உள்ள வேறோர் எண்ணால் குறிக்கும் முறையாகும். 2.3 என்பதை 2 எனவும் 2.8 என்பதை 3 எனவும் கொள்வதில் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் சரிமத்தியில் நிற்கும் 2.5 எப்பக்கம் சாய வேண்டும் என்பதற்குக் கணித சாஸ்திரத்தில் இயற்கையான விடை ஏதுமில்லாமையால், ஒவ்வொரு மொழியையும் வகுத்தவர்கள் தத்தம் பிரயோஜனத்தைக் கருதி ஏற்படுத்திய சம்பிரதாயமே அங்கு விதியாயிற்று.

1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், மெய்யெண்ணை முழுவெண்ணாக மாற்றுகையில் புள்ளிக்குப் பிற்பட்டதை வெட்டி எறிந்தது, 2.9-உம் அதற்கு 2-ஆகவே இருந்தது. 1960-இல் வரையறுக்கப்பட்ட அல்கால், அரையைக் கூட்டி, வரும் தொகைக்கு மேற்படாத மிகப் பெரிய முழுவெண்ணை எடுக்குமாறு விதித்தது. வியாபாரக் கணக்குக்கென்றே பிறந்த கோபால், 'ரவுண்டட்' என்று வெளிப்படையாக எழுதினாலன்றி எஞ்சிய இலக்கங்களை வெட்டியே விடும்.

வெட்டுதல் அற்பமான நஷ்டமாகத் தோன்றினும், அது எப்போதும் ஒரே திசையில் நேர்வதால் நாளடைவில் பெருகும். வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கிய குறியீட்டெண், ஒவ்வொரு பேரத்தின் பின்னும் திரும்பக் கணக்கிடப்பட்டு மூன்று தசம இடங்களோடு வெட்டப்பட்டு வந்தமையால், சந்தை செழித்திருந்தும், 1983 நவம்பரில் 524.811-க்கு இறங்கிக் கிடந்தது. பிழையைக் கண்டு திருத்தியபோது அது 1098.892 ஆயிற்று.

இன்று மேலோங்கி நிற்கும் விதி, சரிமத்தியில் நிற்பதை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டு செல்வது. 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய நான்கின் உண்மைக் கூட்டுத்தொகை 8. அரைகளையெல்லாம் மேலே ஏற்றினால் 10 வரும். இரட்டைக்குத் திருப்பினாலோ 0, 2, 2, 4 என்றாகி மீண்டும் 8 கிடைக்கும். வில்லியம் காஹன் பெரும்பங்கு கொண்டு உருவாக்கிய ஐ.இ.இ.இ. 754 நியமம், 1985-இல் இதனையே மிதவைப் புள்ளிக் கணக்கின் இயல்பான விதியாக ஏற்றது.

எனினும் மொழிகள் யாவும் அதன்வழி ஒழுகவில்லை. சி மொழியின் 1989-ஆம் ஆண்டு நியமத்தில் முழுதாக்கும் சார்பே இல்லாததால், நிரலாளர்கள் அரையைக் கூட்டிக் கீழே இறக்கும் பழைய உபாயத்தைக் கையாண்டனர், இவ்வுபாயம் 0.49999999999999994 என்னும் எண்ணை, கூட்டலின்போதே அது 1-ஆகத் திரண்டுவிடுவதால், பிழையாக 1 என்று காட்டும். ஜாவாவும் ஆறாம் பதிப்புவரை இக்குறையைச் சுமந்திருந்தது. சி மொழிக்கு உரிய சார்பு 1999-இல் வந்தது, அது 2.5-ஐ 3 என்றும் −2.5-ஐ −3 என்றும் கூற, ஜாவா 3, −2 என்கிறது. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3, தன் முன்னோர் வழக்கைக் கைவிட்டு, 2, −2 என்கிறது. ஒரே சொல் மூன்று மொழிகளில் மூன்று பொருள் தருவது விரும்பத்தக்கதன்று.

பைத்தானில் 2.675-ஐ இரு தசம இடங்களுக்கு முழுதாக்கினால் 2.67 வருவதைப் பலர் இவ்விரட்டை விதியின் மேல் ஏற்றிக் குறைகூறுவர், அது அபாண்டம். 2.675 என்பதை இரும எண்முறையில் பிசகின்றி எழுத இயலாமையால், கணினியின் நினைவகத்தில் இருப்பது அதனினும் ஓர் அணுவளவு குறைந்த எண். அது நடுவில் நிற்கவே இல்லை. ஆதலால் பணக் கணக்கை இரும மிதவைப் புள்ளியில் வைத்தல் தகாது. பைசாக்களாகவோ, தசம வகையிலோ வைத்து, விதியையும் வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். ஜாவாவின் 'பிக்டெசிமல்' வகையில், எட்டு முழுதாக்கு முறைகளுள் எதனையும் குறிப்பிடாது 10-ஐ 3-ஆல் வகுக்கச் சொன்னால், அது தானாக ஒரு விடையை ஊகிக்காமல், பிழை அறிவித்து நின்றுவிடும்.